நாலு மணி நேரக் கட்டம்

ஆய்வகத்தில் அவளுக்கு 'ஆட்டாதே அக்கா' என்று பெயர். யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் வார்டுகளில் ரத்தம் எடுத்து வருகிறவன் முதல் தரை துடைக்கிற அம்மா வரை அந்தப் பெயரைச் சொன்னால்தான் ஆளைத் தெரியும். வாட்டர் பாத் என்கிற வெந்நீர்த் தொட்டியில் நிற்கிற ட்யூபை யாராவது கையில் எடுத்தால் போதும், அறையின் எந்த மூலையில் இருந்தாலும் அவள் குரல் வந்துவிடும். "ஆட்டாதே! சாய்ச்சுப் பாரு!"

அவள் கத்துவதற்குக் காரணம் உண்டு. ரத்தத்தில் வளர்ந்த கிருமி மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்துபோல் தெரிந்தால் அது இரண்டில் ஒன்று. எல்லார் தோலிலும் சும்மா கிடக்கிற வகையாக இருக்கலாம். ஊசி குத்தும்போது தோலிலிருந்து பாட்டிலுக்குள் போயிருக்கும், நோயாளியின் காய்ச்சலுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது. ஆய்வகத்தில் அதைத் 'தோல்வாசி' என்பார்கள். மற்றது வளர வளர மஞ்சளாகிறவன், மஞ்சளான். அவன் ரத்தத்துக்குள் இருந்தால் ஆளை முடித்துவிட்டுத்தான் ஓய்வான். இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு பழைய வழி இருக்கிறது. ஒரு சிறிய ட்யூபில் அரை மில்லி முயல் பிளாஸ்மா ஊற்றி, கிருமியைப் போட்டு, உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும். மஞ்சளான் பிளாஸ்மாவை உறைய வைப்பான். தோல்வாசிக்கு அந்த வித்தை தெரியாது. புதிதாகப் பிடித்த உறைவு சிலந்தி வலை மாதிரி இருக்கும். ஆட்டினால் அறுந்து போகும், மறுபடி சேராது.

அரை மணிக்கு ஒரு தடவை, நாலு மணி நேரம் வரை பார்க்க வேண்டும். அதுவரை உறையாவிட்டால் மறுநாள் ஒரு தடவை. ரிஜிஸ்டரில் இரண்டு கட்டம் இருக்கும். நாலு மணி நேரம், மறுநாள் காலை.

அன்று காலை எட்டு மணிக்கு அவள் பார்த்த ட்யூப் இரண்டாம் மாடி பதினோராம் கட்டில்காரருடையது. கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். கம்பி முனை முழங்காலுக்குக் கீழே கிழித்து, காய்ச்சலும் குளிரும் வந்து படுத்தவர். இரண்டு பாட்டில் ரத்தம் வந்திருந்தது. ஒன்றில் கொத்துக் கிருமி வளர்ந்தது, மற்றதில் ஒன்றுமில்லை. கண்ணாடித் தகட்டில் கலக்கிப் பார்க்கும் பத்து நொடிச் சோதனை கிருமி சாது என்றது. பத்தில் ஒரு தடவை அது பொய் சொல்லும், அதனால்தான் ட்யூப்.

சாய்த்தாள். தண்ணீராக ஓடியது.

ரிஜிஸ்டரைப் புரட்டினாள். நாலு மணி நேரக் கட்டத்தில், அதே ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவள் கொழுந்தனின் உருண்டைக் கையெழுத்து: 'உறையவில்லை. மாலை 4.30.' பக்கத்துக் கட்டத்தில் அவளும் 'உறையவில்லை' என்று எழுதி, 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வேறு யார் எழுதியிருந்தாலும் அவள் விட்டிருக்க மாட்டாள். எத்தனை தடவை பார்த்தாய், எந்த மணிக்கு, கூட யார் இருந்தார் என்று குடைந்திருப்பாள். அந்தக் கேள்விகளில் அழுதுகொண்டே கழிவறைக்கு ஓடியவர்கள் உண்டு. கொழுந்தனை மட்டும் குடைவதில்லை. கணவனின் தம்பி, அவள் சொல்லித்தான் இங்கே சேர்ந்தவன். இந்த மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும். மாமியார் பத்து மாதமாக அவளிடம் குரலை உயர்த்தாததற்கே அந்த வேலைதான் காரணம். வீட்டு ஆள் எழுதியதைக் கண் தானாகவே தாண்டிப் போய்விடும்.

எட்டு இருபதுக்கு ரிப்போர்ட் மாடிக்குப் போனது. தோல் கிருமி, ரத்தம் எடுக்கும்போது கலந்திருக்கலாம்.

ஒன்பதரைக்குக் கிருமி வளர்த்த பழைய தட்டுகளை ஒழித்துக்கொண்டிருந்தாள். பதினோராம் கட்டிலின் தட்டைக் குப்பைப் பையை நோக்கி நீட்டிய கை பாதியில் நின்றது.

நேற்று மத்தியானம் அந்தத் தட்டில் இருந்தவை வெள்ளைப் புள்ளிகள். இப்போது மஞ்சளாக இருந்தன. ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் தட்டில் கலந்திருந்த ரத்தம் கரைந்து ஒரு தெளிந்த வளையம்.

அது மட்டும் போதாது. சில தோல்வாசிகளும் மஞ்சளாகும். அதனால் அவள் வேண்டாத ட்யூப்களின் கூடையைக் கிளறிப் பதினோராம் எண்ணை எடுத்தாள். விளக்குக்கு நேரே பிடித்தாள். தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்கு அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, இரண்டு மூன்று வெள்ளை இழைகள் மிதந்தன. ஒட்டடை அடித்த பிறகு சுவரில் மிஞ்சுகிற நூல்போல.

அவள் ட்யூபை ஆட்டாமல் மேசையில் நிறுத்தினாள்.

மஞ்சளானுக்குத் தெரிந்தது ஒரு வித்தை அல்ல, இரண்டு. உடம்புக்குள் நுழைந்ததும் அவன் ஒரு புரதத்தைத் துப்புகிறான். அது நம் ரத்தத்தை உறைய வைக்கிற புரதத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டு, நம் ரத்தத்தில் கரைந்திருக்கும் நூல் புரதத்தை வலையாக்கிவிடும். வலைக்கு அவன் சொந்தமாக ஒரு இழைகூடக் கொண்டுவருவதில்லை. எல்லாம் நம்முடையது. அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். காவலுக்குச் சுற்றுகிற வெள்ளை அணுக்கள் வந்து பார்த்தால் சொந்த ரத்தத்தின் உறைவுதான் தெரியும். நம்ம ஆள்தான் என்று தாண்டிப் போய்விடும். பெருகி முடித்து வேறு இடத்துக்குக் கிளம்ப வேண்டும் என்றால் இன்னொரு புரதத்தைத் துப்புவான். அது உறைவைக் கரைக்கிற நம் புரதத்தையே ஏவிவிட்டு வலையை அறுக்கும், அவன் மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்புப் புரதங்களையும் சேர்த்து மேய்ந்துவிடும். பூட்டும் நம்முடையது, சாவியும் நம்முடையது.

எல்லா மஞ்சளானும் இரண்டாவதைச் செய்வதில்லை. செய்கிறவன் ட்யூபிலும் செய்வான். இரண்டு மணி நேரத்தில் உறைய வைத்து, அடுத்த சில மணி நேரத்தில் கரைத்துவிடுவான். மறுநாள் காலையில் பார்க்கிறவளுக்குத் தண்ணீர்தான் மிஞ்சும். நாலு மணி நேரக் கட்டம் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

அந்தக் கட்டத்தில் கொழுந்தன் 'உறையவில்லை' என்று எழுதியிருக்கிறான்.

ஒன்பதே முக்காலுக்கு அவள் மூன்று ட்யூப்களை வாட்டர் பாத்தில் நிறுத்தினாள். முதலாவது, கட்டாயம் உறையும் என்று தெரிந்த கிருமி. மூன்றாவது, உறையவே உறையாது என்று தெரிந்த கிருமி. நடுவில் பதினோராம் கட்டில். பிறகு மாடிக்கு ஃபோன் போட்டாள்.

"பதினொண்ணா? அவர் இன்னைக்கு வீட்டுக்குப் போறாரே," என்றார் வார்டு சிஸ்டர். "உங்க ரிப்போர்ட் பார்த்துட்டு டாக்டர் எழுதிட்டார். டிரிப் நிறுத்தியாச்சு, கை ஊசியையும் எடுத்தாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள கிளம்பிடுவார். ஏன்?"

"ஒரு மணி வரைக்கும் வெச்சிருக்க முடியுமா சிஸ்டர்?"

"காரணம்?"

அவள் வாயைத் திறந்தாள். என் கொழுந்தன் எழுதினதுல எனக்குச் சந்தேகம். அவ்வளவுதான் காரணம். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"ரிப்பீட் போட்டிருக்கேன்."

"ரிப்பீட்டா? அப்போ காலையில கையெழுத்துப் போட்டு அனுப்பினது?"

"சும்மா, ஒரு உறுதிக்கு."

"உறுதி இல்லாமலா அனுப்பினீங்க? அந்த ஆள் சட்டையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கார் மேடம். நானா அவரைக் கட்டிப் போட முடியும்? எழுத்துல குடுங்க, டாக்டர்கிட்ட காட்டறேன்."

எழுத்தில் கொடுக்க முடிவு வேண்டும். முடிவு ட்யூபுக்குள் இருந்தது. உறைந்துவிட்டால் ட்யூபே பேசிவிடும், யார் பெயரையும் தான் இழுக்க வேண்டாம் என்று அவள் கணக்குப் போட்டாள். கோழைத்தனம் என்று தெரிந்தேதான் போட்டாள்.

அடுத்து கொழுந்தனுக்கு அடித்தாள். அவனுக்குப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிற ஷிப்ட். தூக்கக் கலக்கத்தில் எடுத்தான்.

"நேத்து பதினொண்ணு. நாலரைக்குப் பார்த்தியா?"

"பார்த்தேன் அண்ணி," என்றான்.

"உன் கண்ணால?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரன் கண்ணாலயா? ரிஜிஸ்டர்லதான் எழுதியிருக்கேனே."

"எழுதினதைக் கேக்கலை."

"பார்த்தேங்க அண்ணி. என்னாச்சு இப்போ?"

"ஒண்ணுமில்லை," என்று வைத்தாள். ஒன்றுமில்லை என்று அவனும் நம்பவில்லை, அவளும் நம்பவில்லை.

பத்தேகால். மூன்றையும் ஒவ்வொன்றாகச் சாய்த்தாள். மூன்றும் ஓடின.

பத்தே முக்கால். முதல் ட்யூபில் மட்டும் ஒரு தயக்கம் தெரிந்தது, எண்ணெய் ஓடுகிற மாதிரி. நடுவிலுள்ளது தண்ணீர். மூன்றாவதும் தண்ணீர்.

அவளுக்கு வேறு வேலை தலைக்கு மேல் கிடந்தது. சிறுநீர்ப் புட்டிகள் வரிசையாக நின்றன. சளித் தகடுகள் சாயத்துக்காகக் காத்திருந்தன. ஒன்றிலும் கை ஓடவில்லை. வெந்நீரிலிருந்து எழும் மெல்லிய ஆவியையும் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தானே ஒரு கட்டுக்கதையைக் கட்டிக்கொண்டோமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம், அந்த மனுஷன் இந்நேரம் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தால் என்று தோன்றியது. மஞ்சளான் ரத்தத்தில் இருக்கும்போது மருந்தை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்பதை அவள் பதினெட்டு வருடத்தில் மூன்று தடவை பார்த்திருக்கிறாள். இரண்டு பேர் இதயம் கெட்டுத் திரும்பி வந்தார்கள். ஒருவர் வரவில்லை.

பதினொன்று பத்துக்குக் கதவு திறந்தது. ஐம்பது நிமிடம் முன்னதாகவே கொழுந்தன் வந்து நின்றான். நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பியவன் மாதிரி தலையைப் படியச் சீவிக்கொண்டு வருகிறவன், அன்று சீப்பே படாத தலையோடு வந்திருந்தான்.

"வாட்டர் பாத்துல என்ன அண்ணி?"

"நீ பார்த்தேன்னு சொன்னது."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. தொட்டி அருகே போய் நடு ட்யூபை எடுக்கக் கையை நீட்டினான்.

"தொடாதே!"

நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அவனே பேசினான், ட்யூபைப் பார்த்துக்கொண்டு.

"நேத்து மத்தியானம் குழந்தைங்க வார்டுல இருந்து பதினாறு சாம்பிள் ஒரே மூச்சுல வந்துச்சு. கூட ஆள் இல்லை. இதை மறந்துட்டேன். ஏழரைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணியாதான் இருந்துச்சு அண்ணி, சத்தியமா. ஏழு மணி நேரத்துக்கும் உறையாதது நாலு மணி நேரத்துல மட்டும் எப்படி உறைஞ்சிருக்கும்? அதான் நாலரைன்னு எழுதினேன்."

அவள் அவனையே பார்த்தாள். உலகத்தில் வேறு எந்த வேலையிலும் அது நியாயமான பேச்சு. ஏழு மணிக்கு ஈரமாக இருக்கிற சிமெண்ட் நாலு மணிக்குக் காய்ந்திருக்காது. ஏழு மணிக்கு வேகாத அரிசி நாலு மணிக்கு வெந்திருக்காது. இந்த ஒரு ட்யூபில் மட்டும் அது செல்லாது.

"உறைஞ்சது கரையும்டா," என்றாள். "சொல்லிக் குடுத்தேனா இல்லையா?"

"ஆட்டக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்க. நூறு தடவை. இதை..." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எப்பவாவது ஒரு தடவை சொல்லியிருப்பீங்க."

அது சுருக்கென்று தைத்தது.

பதினொன்றேகால். முதல் ட்யூப் உறைந்துவிட்டது. நடுவிலுள்ளதை மெல்லச் சாய்த்தாள். ஓடியது. ஆனால் ஓடிய விதம் சரியில்லை. ஓரத்தில் ஏதோ பின்தங்கியது. அதைப் பார்த்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஃபோன் அடித்தது. வார்டு சிஸ்டர். "பேப்பர் கையில குடுத்தாச்சு மேடம். டாக்டர் ரவுண்ட்ஸ்ல இருக்கார். சொல்றதுன்னா இப்பவே வந்து சொல்லுங்க. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

மாடிக்குப் போனால் ட்யூபைப் பார்க்க ஆள் இல்லை. ட்யூபோடு இருந்தால் மாடியில் அந்த மனுஷன் இல்லை. ட்யூபை மாடிக்குக் கொண்டுபோகவும் முடியாது. சூடு போய்விடும், படியில் குலுங்கும், உயிரோடு இருக்கிற கிருமியை வார்டுக்குள் எடுத்துப்போவது இன்னொரு தப்பு. அறையில் இருந்தது ஒரே ஒருத்தன்.

"உட்காரு," என்றாள். "கண்ணை எடுக்காதே. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சாய்ச்சுப் பாரு. தும்மல் வந்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பித் தும்மு. உறைஞ்சா கூப்பிடு. உறையலைன்னாலும் கூப்பிடு. பார்த்ததை மட்டும் சொல்லு. என்னைக் காப்பாத்த வேண்டாம், உன்னையும் காப்பாத்திக்க வேண்டாம். கேக்குதா?"

"கேக்குது அண்ணி."

படியேறும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. எவன் கண்ணை நம்பிக் கெட்டாளோ, அதே கண்ணிடம் அதே வேலையைக் கொடுத்துவிட்டு வருகிறாள்.

பதினோராம் கட்டில்காரர் கட்டில் விளிம்பில், செருப்பையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பை. ஊசி எடுத்த புறங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐம்பது வயது இருக்கும், கம்பி மாதிரியே உடம்பு.

"ரத்தம் எடுக்கவா தங்கச்சி? உறிஞ்ச வேண்டியதெல்லாம் உறிஞ்சியாச்சே."

"எடுக்க வரலை அண்ணே. எடுத்த ரத்தத்துல ஒரு சந்தேகம்."

"என் ரத்தமேதான். பக்கத்துல இருந்து பார்த்தேன்."

"மறுபடி குளிர் எடுத்துச்சா?"

அவர் ஒரு தடவை கதவுப் பக்கம் பார்த்தார். "விடியக்காலை லேசா. ஃபேன் காத்தா இருக்கும்."

"சிஸ்டர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா விடுவாங்களா? கீழ மேஸ்திரி வண்டியோட நிக்கிறார். நாளைக்கு மூணாவது தளத்துக்குக் காங்கிரீட். நான் கட்டாத கம்பியில அவங்க ஊத்தினா அது நிக்காது தங்கச்சி."

அவள் கட்டிலுக்கு எதிரே இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். நின்றுகொண்டு சொன்னால் இந்த ஆள் எழுந்து போய்விடுவார்.

"உங்க ரத்தத்துல ஒரு கிருமி இருக்கலாம் அண்ணே. அது ஒளிஞ்சுக்கிற கிருமி. உங்க ரத்தத்துலயே உறையிற பொருள் இருக்கில்ல, அடிபட்டா காயத்தை மூடறது? அதை எடுத்துத் தன் மேல போர்த்திக்கும். உடம்போட காவலுக்கு அது கிருமின்னே தெரியாது."

அவர் புருவத்தைச் சுருக்கினார். பிறகு மெல்லத் தலையை ஆட்டினார்.

"எங்க சைட்டுல போன மாசம் ஒருத்தன் ஒரு சுருள் ஒயரைத் தூக்கிக்கிட்டு வாசல் வழியாவே போயிட்டான். பட்டப்பகல்ல. வாட்ச்மேன் கதவு வேற திறந்து விட்டிருக்கார். ஏன்னா அவன் தலையில எங்க கம்பெனி மஞ்சள் தொப்பி, உடம்புல எங்க பட்டை போட்ட சட்டை. எல்லாம் எங்க ஸ்டோர்ல இருந்தே எடுத்தது."

"அதேதான்."

"வாட்ச்மேனைத்தான் எல்லாரும் திட்டினோம். பாவம், அவர் தொப்பியைத்தானே பார்ப்பார்? ஆளையா பார்ப்பார்?"

காலையில் அவளும் கையெழுத்தைத்தான் பார்த்தாள்.

"அந்த மாதிரி ஒருத்தன் உள்ள இருக்கானா இல்லையான்னு இன்னும் ஒரு மணி நேரத்துல தெரிஞ்சிடும். அதுவரைக்கும் செருப்பைக் கழட்டுங்க அண்ணே."

"காலையில இல்லைன்னு சொன்னாங்களே."

"சொன்னது நான்தான்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

வார்டு டாக்டர் பின்னால் வந்து நின்றார். முப்பது வயதுக்காரர். இரண்டு நாளாகத் தூங்காத கண்கள். "என்ன மேடம், லேப்ல இருந்து நேராவே வந்துட்டீங்க? சிஸ்டர் ஏதோ ரிப்பீட்டுன்னு சொல்றாங்க. ஒரு பாட்டில்லதான் வளர்ந்தது, காய்ச்சல் இறங்கியாச்சு, நீங்களும் தோல் கிருமின்னு கையெழுத்துப் போட்டீங்க. இப்போ என்ன மாறிப் போச்சு?"

அவள் எழுந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் கையில் ஃபோன் அதிர்ந்தது.

"அண்ணி." அவன் மூச்சு வாங்கினான். "உறைஞ்சிருச்சு."

"எவ்வளவு?"

"படுக்க வெச்சுப் பார்த்தேன். ஓடலை."

"ஆட்டினியா?"

"இல்லை."

"மூணாவது?"

"தண்ணி. முதல் ரெண்டும் உறைஞ்சிருக்கு, மூணாவது தண்ணி."

அவள் ஃபோனைத் தாழ்த்தினாள். "ரிப்பீட்டுல உறைஞ்சிருக்கு டாக்டர். இது பொல்லாத கிருமிதான்."

"நீங்க பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. டாக்டர் நம்புவார். பதினெட்டு வருடத்துக் கையெழுத்து அவளுடையது. டிரிப் மறுபடி ஏறும், கொழுந்தன் பெயர் எங்கேயும் வராது, மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாகும், வீட்டில் குரல் உயராது. நேற்று ஏழரைக்கு அவனுக்கும் இதே மாதிரிதான் இருந்திருக்கும். எழுதிவிட்டால் முடிந்தது.

"நான் பார்க்கலை," என்றாள். "என் கொழுந்தன் பார்த்தான். நேத்து நாலு மணி நேரத்துல பார்க்காம எழுதினதும் அவன்தான். கேக்காம கையெழுத்துப் போட்டது நான். இப்பவும் அவன் சொல்றதை வெச்சு நான் உங்களுக்குச் சொல்லக் கூடாது. ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம். ரெண்டு நிமிஷ வேலை."

டாக்டரின் முகம் இறுகியது. "என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான்."

"நானும் வரேன்," என்றார் கம்பிக்காரர், பையைத் தூக்கிக்கொண்டு. "என் சரக்கு, நானும் பார்க்கிறேன்."

வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் நேரமில்லை. படியில் டாக்டர் முன்னால், அவள் நடுவில், நொண்டிக்கொண்டே அவர் பின்னால். படிக்குப் படி அவள் மனதில் ஒரே கேள்வி ஓடியது. பயத்தில் சொல்லியிருந்தால்? நேற்றைய பொய்யை மூட இன்று ஒரு பொய்? அல்லது உண்மையாகவே உறைந்து, பதற்றத்தில் அவன் ட்யூபைத் தொட்டியின் விளிம்பில் இடித்து, வலை அறுந்து போயிருந்தால்?

ஆய்வகத்துக்குள் நோயாளி வரக் கூடாது. சாம்பிள் வாங்குகிற கண்ணாடித் திறப்புக்கு வெளியே அவரை நிறுத்திவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். கொழுந்தன் ஸ்டூலில் அதே இடத்தில் இருந்தான். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா இப்படி?"

"கை நடுங்குது அண்ணி. தொட்டுடுவேனோன்னு பயம்."

அவள் கையுறை மாட்டினாள். நடு ட்யூபின் கழுத்தை இரண்டு விரலால் பிடித்து மேலே எடுத்தாள். வெந்நீர் ஒரு சொட்டு அடியில் திரண்டு விழுந்தது. சாய்த்தாள். இன்னும் சாய்த்தாள். முழுக்கப் படுக்க வைத்தாள். பிளாஸ்மா இருந்த இடத்திலேயே இருந்தது. கலங்கிய கண்ணாடிபோல, அடியோடு ஒட்டிக்கொண்டு.

கண்ணாடித் திறப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"காங்கிரீட் செட் ஆயிடுச்சே தங்கச்சி!"

டாக்டர் ஃபோனை எடுத்து வார்டுக்குச் சொன்னார். பதினொன்றை மறுபடி அட்மிட் பண்ணு, கை ஊசி போடு, புதுசா ரத்தம் எடு, மருந்தை ஆரம்பி, இதய ஸ்கேனுக்கு எழுது. வைத்துவிட்டுக் கொழுந்தன் பக்கம் திரும்பினார். "இவரா?"

"நான்தான் சார். ஏழரைக்குப் பார்த்துட்டு நாலரைன்னு எழுதினேன்."

"இன்னைக்கு பேஷண்ட் வீட்டுக்குப் போயிருந்தா?"

டாக்டர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "எழுத்துல வேணும், ரெண்டு பேர்கிட்ட இருந்தும்," என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே கம்பிக்காரர் அவரை மறித்து எத்தனை நாள் என்று கேட்பதும், "ஆறு வாரம்கூட ஆகலாம்" என்று டாக்டர் சொல்வதும், "ஆறு வாரமா? கட்டடமே முடிஞ்சிடுமே!" என்று அவர் கத்துவதும் உள்ளே கேட்டது.

கட்டடம் முடியவில்லை, அவர்தான் முதலில் தேறினார் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். ஸ்கேனில் இதய வால்வின் ஓரத்தில் அரிசி மணி அளவில் ஏதோ ஒட்டியிருந்தது. ஆறு வாரமும் வார்டில் எல்லாரையும் திட்டிக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டு, நடந்துதான் வீட்டுக்குப் போனார். வால்வில் தழும்பு நின்றுவிட்டது. கொழுந்தனின் நிரந்தர உத்தரவை ஆறு மாதம் தள்ளி வைத்தார்கள். அவளுக்கு மெமோ வந்தது. மாமியார் அதன் பிறகு அவளோடு வாரக் கணக்கில் பேசவில்லை. அவள் கணவன், "அவன் பேரைச் சொல்லாம இருந்திருக்கலாமே," என்று ஒரே ஒரு தடவை கேட்டான். "இருந்திருக்கலாம்," என்றாள். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

அதெல்லாம் பிறகு வந்தது. அன்று மத்தியானம் கடிதங்களை எழுதி முடித்த பிறகும் அவள் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகவில்லை. நடு ட்யூப் தொட்டியிலேயே நின்றது. அரை மணிக்கு ஒரு தடவை கொழுந்தன் சாய்த்துப் பார்த்தான், எழுதினான். இடையில் சிறுநீர்ப் புட்டிகளை இருவரும் ஆளுக்குப் பாதியாக முடித்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு ஓரத்தில் ஒரு தளர்ச்சி தெரிந்தது. நாலேகாலுக்குப் பாதி ஓடியது. நாலே முக்காலைத் தாண்டி அவன் ட்யூபை எடுத்துச் சாய்த்தபோது, காலையில் நாலு பேர் பார்த்த உறைவு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. தெளிந்த தண்ணீர். அடியில் இரண்டு இழை.

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு அண்ணி," என்றான். "அச்சு அசல் இப்படியேதான்."

"எழுது."

ஏழு மணி நேரம், கரைந்துவிட்டது, மாலை 4.45 என்று எழுதினான். ரிஜிஸ்டரை அவள் பக்கம் தள்ளினான். அவள் பேனாவை எடுக்கவில்லை, கையை நீட்டினாள். அவன் ட்யூபைக் கொடுத்தான்.

விளக்குக்கு நேரே பிடித்து, மெல்லச் சாய்த்துப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தையும் ஒரு தடவை பார்த்தாள்.

"நாலு நாற்பத்தெட்டு," என்றாள்.

அவன் 4.45-ஐ அடித்துவிட்டு மேலே 4.48 என்று எழுதினான். அவள் கையெழுத்துப் போட்டாள்.